மேல்சித்தாமூரில் பாதியில் நிறுத்திய படம்

கடை வாசலில் ஓடும் விளம்பரத் திரை, கூட்ட அறையில் மாட்டும் புரொஜெக்டர், கல்யாண மண்டபத்து எல்.இ.டி. சுவர் என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டான் என்று தெரிந்தேதான் கூப்பிட்டிருப்பார்கள்.

போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குத் திரையை விளக்கிக்கொண்டிருந்ததைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வெளிச்சம் எவ்வளவு, புள்ளிகள் எவ்வளவு, எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். அந்தக் கடைக்காரர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். நம் ஆள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவர் மறுபடி திறந்தார், இவர் மறுபடியும் போய்விட்டார். கடைசியில் அந்த மனுஷன் காபியைக் குடித்துவிட்டு "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போனார். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வந்து காதைத் திருகியிருப்பேன். முழங்கால் விடவில்லை, தப்பித்தீர்கள்.

கருவியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் பெட்டிக்குள்ளேயே புத்தகமாக வருகிறது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு ஊரில் நடந்தது.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் இருந்தேன். அங்கே டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டிக்கொண்டிருந்த என்னை, மின்சார மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனி தன் விளம்பர வண்டிக்கு எடுத்துக்கொண்டது. வேன் ஒன்று, அதற்குள் ஜெனரேட்டர், ஒரு சின்ன புரொஜெக்டர், சுருட்டி வைத்த வெள்ளைத் திரை, பம்பைப் பற்றி ஒரே ஒரு படம். இவ்வளவுதான் எங்கள் சொத்து. வண்டியில் மூன்று பேர். கம்பெனி இன்ஜினியர், டிரைவர் காசிம் பாய், நான். இன்ஜினியர் நல்ல படிப்பாளி, ஆனால் மூக்குமேல் கோபம். காசிம் பாய் வாயைத் திறந்தால் பழமொழி. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் சுற்றாத ஊர் அந்தப் பக்கத்தில் இல்லை.

அந்தப் படத்தை மனப்பாடமாகச் சொல்வேன். முதலில் வறண்ட வயல், கவலை கட்டித் தோல்சாலில் தண்ணீர் இறைத்து நுரை தள்ளும் மாடுகள். பிறகு ஒரு மோட்டாரைக் கிணற்றில் பொருத்துவார்கள். குழாயின் அடியில் சல்லடை போட்ட வால்வு ஒன்று இருக்கும், அது தண்ணீருக்குள் இறங்கும். அடுத்த நொடி ஒருவர் சுவிட்சைத் தட்டுவார். குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும். அவர் மனைவி சிரிப்பார், குழந்தைகள் குளிக்கும், வாத்தியம் முழங்கும். எல்லா ஊரிலும் தண்ணீர் கொட்டும்போது ஜனங்கள் விசில் அடிப்பார்கள். இன்ஜினியர் அந்த விசிலைக் கேட்டுத்தான் அன்றைய காட்சி தேறியதா இல்லையா என்று முடிவு கட்டுவார்.

ஒருநாள் அனந்தபுரம் சந்தையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். வேர்க்கடலை மூட்டையை, அங்கே மல்லாட்டை என்பார்கள், இறக்கிப் போட்டுவிட்டு ஓர் அம்மாள் நேராக எங்களிடம் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, வெள்ளைப் புடவை. பெயர் பத்மாவதி. மேல்சித்தாமூர்க்காரர், ஜைனக் குடும்பம்.

"எங்க ஊருக்கு எப்ப வருவீங்க?" என்றார், ரேஷன் கடையில் கேட்கிற மாதிரி.

இன்ஜினியர் ஊர்ப் பட்டியலைப் பார்க்காமலே, "அந்த ஊர் இல்லைம்மா" என்றார்.

"இல்லைன்னா சேத்துக்குங்க."

அவருடைய நிலைமை இதுதான். கணவர் தவறிப்போய்விட்டார். கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. கவலை ஓட்டின ஜோடியில் ஒரு மாடு செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இறைக்க முடியவில்லை, பயிர் காய்கிறது. கணவரின் தம்பி அப்பாண்டை பக்கத்து நிலத்துக்காரர். "நிலத்தை என்கிட்ட விட்டுடுங்க அண்ணி, அறுப்புக்கு அறுப்பு நெல்லு அளந்து தர்றேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மின்சார லைன் வந்தால் இந்த அம்மாள் மோட்டார் வைத்துப் பிழைத்துக்கொள்வார். ஆனால் ஒரு கிணற்றுக்காக அவ்வளவு தூரம் கம்பம் நடமாட்டார்கள், அந்தப் பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டும். அதோடு கம்பம் அப்பாண்டை நிலத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அவர் சம்மதிக்கவில்லை என்றால் கதை முடிந்தது.

"அவர்தான் நெல் தருகிறேன் என்கிறாரே" என்று நான் குறுக்கே வாயைக் கொடுத்தேன்.

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா தம்பி பேசறே? அளந்து தர்றத வாங்கித் தின்னா நான் விருந்தாளி. என் நெலத்துல நானே விருந்தாளியா?"

இன்ஜினியர் பட்டியலை எடுத்து மேல்சித்தாமூரை எழுதிக்கொண்டார். கோபக்காரர்தான், மோசமானவர் இல்லை.

நாங்கள் போன நாளுக்கு முந்தின நாள்தான் நல்ல மழை. மண் ஈரம் காயவில்லை. களத்தில் திரையைக் கட்டினேன். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துவிட்டு ஊரே வந்துவிட்டது. ஜைனர் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார்கள், அதனால் எங்களுக்கும் வெளிச்சத்திலேயே இலை போட்டுவிட்டார்கள். வேறு ஊரில் படம் போட்டுப் பசியோடு படுத்தவன் நான், இங்கே வயிறு நிறைந்திருந்தது. நல்ல சகுனம் என்று காசிம் பாயிடம் சொன்னேன்.

இருட்டினதும் விளக்கைப் போட்டேன். வறண்ட வயல் வந்தது, மாடுகள் வந்தன. கூடவே ஈசலும் வந்தது.

ஒன்று இரண்டு இல்லை, அண்டமே பெயர்ந்து வந்தது மாதிரி வந்தது. மழை விட்ட மறுநாள், சுற்று வட்டாரத்தில் அதுதான் பெரிய வெளிச்சம். வேறு எங்கே போகும்? புரொஜெக்டர் விளக்கு அடுப்பைவிடச் சூடு. அதன் மூடியில் காற்றுப் போக இடுக்குகள் உண்டு. அதில் விழுந்து சடசடவென்று பொரிந்தன. இறக்கை கருகும் வாடை அடித்தது. திரையில் ஒவ்வோர் ஈசலும் காக்கை அளவு நிழலாகப் பறந்து, திடீரென்று காணாமல் போனது.

மற்ற ஊர்களில் இப்படி ஆகாமல் இருக்குமா? ஆகும். பிள்ளைகள் பொறுக்கி வறுத்துத் தின்னும், பெரியவர்கள் துண்டால் விசிறிக்கொண்டு படம் பார்ப்பார்கள். நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம். எறும்பு மேல் கால் படக்கூடாது என்று தெருவைப் பார்த்து நடக்கிற ஜனம் இது, தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்காத ஜனம் இது, அவர்கள் நடுவில் கொண்டுவந்து இந்த நெருப்பை வைக்கிறோமே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கம்பெனியில் அந்த வண்டியை வடிவமைத்தவர்களுக்கும் தோன்றியிருக்காது. இருட்டு வேண்டும், அதனால் ராத்திரிக் காட்சி என்று எழுதி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் வயதானவர்கள் எழுந்தார்கள். சத்தமே இல்லை. பிறகு பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒருவர் வந்து நின்றார். வாட்டசாட்டமான ஆள், தோளில் துண்டு. அவர்தான் அப்பாண்டை என்று பிறகு தெரிந்தது.

"நிறுத்துப்பா. இத்தினி உயிரைக் கொன்னு எங்களுக்கு இன்னாத்துக்குப் படம்?"

"ஓட்டு!" என்று பின்னாலிருந்து இன்ஜினியர் கத்தினார். "தண்ணி கொட்டற இடம் வரட்டும், எல்லாம் உட்காருவாங்க. பாதியில நிறுத்தினா இந்த ஊர் போச்சு!"

என் கை விளக்குச் சுவிட்சின் மேல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, சோறு போடுகிறவர் சொல்கிறார். சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, நிறுத்தினால் திரும்பி வரமாட்டோம். நான் பத்மாவதி அம்மாளைத் தேடினேன். இந்தக் காட்சிக்காகச் சந்தைவரை வந்து வாதாடினவர் அவர்தானே. அவர் ஒருவராவது "ஓட்டு" என்று கண் காட்டினால் ஓட்டியிருப்பேன். அவரும் எழுந்துதான் நின்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சூட்டு மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

விளக்கை அணைத்துவிட்டேன்.

இருட்டில் இன்ஜினியர் என்னைத் திட்டின திட்டை இங்கே சொல்ல முடியாது, உங்களில் பெண் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். "ஒரு ஊரைக் கெடுத்துட்டியே" என்பது மட்டும் அதில் நல்ல வார்த்தை. அந்த நேரத்தில் எனக்கே நான் செய்தது சரியா தப்பா என்று தெரியாது.

விடிந்ததும் அடுத்த ஊரான பனமலைக்குக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். பத்மாவதி அம்மாள் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏன் தம்பி, பூச்சி இல்லாத நேரத்துல இத்தப் போட முடியாதா?"

"பகல்ல போட்டா படம் தெரியாதும்மா. இருட்டு வேணும்."

"இருட்டுதானே? எங்க மல்லாட்டைக் கெடங்கு இருக்குது. கதவச் சாத்தினா உள்ள ஆள் தெரியாது."

நான் இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள முடிச்சாகணும். ராத்திரி எழுந்து போனவங்க பகல்ல வேலையை விட்டுட்டு வரப்போறாங்களா?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிடங்கின் காற்றுத் துவாரங்களில் சாக்கை அடைத்தேன். நல்ல இருட்டுதான், பூச்சி ஒன்றும் இல்லை. மூச்சு முட்டும் புழுக்கம், வேர்க்கடலைத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வேறு. அந்த அம்மாள் வீடு வீடாகப் போய் ஆள் கூட்டி வந்தார். யாரைக் கூட்டி வந்தாரோ இல்லையோ, அப்பாண்டையை முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்.

படம் ஓடியது. தண்ணீர் கொட்டியது. ஒரு விசில் கிடையாது, ஒரு "அட" கிடையாது. திரையில் அந்தப் பெண் சிரிக்கிறாள், குழந்தைகள் குதிக்கின்றன, எதிரே ஊரே உம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினியர் "பாத்தியா?" என்பதுபோல என்னைப் பார்த்தார்.

படம் முடிந்ததும் அப்பாண்டை கேட்டார். "கொழா கெணத்துல எறங்குச்சே, அத்த இன்னொரு வாட்டி காட்டு."

சுருளைத் திருப்பி மறுபடி ஓட்டினேன். வால்வு தண்ணீருக்குள் இறங்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும்.

"இரு இரு. அங்கயே நிறுத்து."

இங்கேதான் வம்பு. உங்களுக்கு இன்று படத்தை நிறுத்த ஒரு பொத்தான் போதும். அன்று எங்கள் புரொஜெக்டரில் ஃபிலிமை நிறுத்தினால் விளக்குச் சூட்டில் அந்த இடம் பொசுங்கி ஓட்டையாகிவிடும். "நிறுத்தினா எரிஞ்சிடும்ங்க" என்றேன். மறுபடி ஓட்டினேன். "போயிடுச்சே" என்றார்கள். மறுபடியும் ஓட்டினேன். "சரியாத் தெரியல" என்றார்கள். இந்தத் தடவை முன்வரிசை மட்டும் கேட்கவில்லை, பின்னாலிருந்தும் கேட்டார்கள். அவ்வளவு நேரம் உம்மென்று இருந்த ஜனம் எல்லாம் முன்னால் சாய்ந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் ஊர் ஊராகக் காட்டினது தண்ணீர் வெளியே வருவதை. இவர்கள் பார்க்க நினைத்தது தண்ணீர் உள்ளே போவதை. எங்கள் படத்தில் அது கண்மூடித் திறக்கிற நேரம், அவ்வளவுதான் வைத்திருந்தார்கள்.

டூரிங் டாக்கீஸில் அறுந்த ஃபிலிமை ஒட்டுவது எனக்குத் தினப்படி வேலை. ஒரு துண்டை வெட்டி, அதன் தலையையும் வாலையும் சேர்த்து ஒட்டினால் வளையம். வளையத்தைப் புரொஜெக்டரில் மாட்டினால் அந்த ஒரே காட்சி முடிவில்லாமல் சுற்றும். செய்யலாம். ஆனால் கம்பெனியிடம் அந்த வட்டாரத்துக்கென்று இருந்தது இந்த ஒரே பிரதி, அதில் கத்தி வைக்க வேண்டும்.

பிளேடை எடுத்தேன். இன்ஜினியர் பாய்ந்து வந்தார்.

"டேய், கம்பெனி ஃபிலிம்டா அது!"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"சார், அவங்க கேக்கறது இதைத்தான். மத்தது எதுவும் அவங்களுக்கு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வெட்டிவிட்டேன். கேட்டிருந்தால் அவர் வெட்ட விட்டிருக்கமாட்டார். சுரண்டி, பசை தடவி, காய்கிறவரை விரலால் அழுத்திப் பிடித்தேன். ஒட்டினதும் வளையத்தை மாட்டினேன். அது தரையில் புரளாமல் இருக்க ஃபிலிம் சுற்றும் ஒரு காலி ஸ்பூலில் குடைக்காம்பைச் செருகிக் காசிம் பாய் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பன் வீட்டுச் சொத்தா இது, இப்படி வெட்டுறே" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பிடித்தார்.

சத்தம் இல்லாமல் படம் சுற்றியது. குழாய் இறங்குகிறது, சல்லடை தண்ணீருக்குள் போகிறது. மறுபடி குழாய் இறங்குகிறது, சல்லடை தண்ணீருக்குள் போகிறது. சாமி ஊர்வலம் பார்க்கிற மாதிரி அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

அப்பாண்டை எழுந்தார். இன்ஜினியரைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

"நீ இத்த ஊர் ஊரா ஓட்டறவன். நெஜத்தச் சொல்லு. கெணத்துல மீன் குஞ்சு இருக்குது, தலப்பிரட்டை இருக்குது. மோட்டார் இழுத்தா அதுங்க உள்ள போவுமா, போவாதா?"

தம்பி தங்கைகளே, இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை கதையும் சொன்னேன். "சல்லடை இருக்குதே, போகாது" என்று சொல்லிவிடலாம். படமும் அதற்கு ஒத்துழைக்கும், திரையில் சல்லடை பெரிதாகத் தெரிகிறது. ஒருவரும் கிணற்றில் இறங்கிப் பார்க்கப்போவதில்லை. கம்பெனிக்கு லாபம், இன்ஜினியருக்குச் சந்தோஷம், என் பிளேடு வேலைக்கு மன்னிப்பு, எல்லாவற்றுக்கும் மேல் பத்மாவதி அம்மாளுக்கு லைன். அவர் சுவரோரமாக நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். போகாது என்று சொல்லிவிடு என்று அந்தப் பார்வை கெஞ்சியதா? எனக்கு அப்படித்தான் பட்டது.

நான் திரையைப் பார்த்தேன். சல்லடைக் கண் ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுழையும்.

"தவளை, பெரிய மீன் போகாதுங்க. குஞ்சும் தலப்பிரட்டையும் போகும்" என்றேன்.

புரொஜெக்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று காசிம் பாய் என் காதருகில் சொன்னார். இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா அண்ணி?" என்றார் அப்பாண்டை. "போனா திரும்பி வருமா அது? இதுக்கா என் நெலத்துல கம்பம் நடணும்ன்றீங்க?"

பாவி, ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பொய் சொல்லாததற்காகச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். உண்மை பேசினால் மனசு லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று எனக்கு ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது.

பத்மாவதி அம்மாள் முன்னால் வந்தார். "கவலை மாட்டுக்கு நாம இன்னா குடுத்தோம் அப்பாண்டை? தார்க்குச்சிக் குத்து குடுத்தோம். கழுத்துப் புண்ணோட இறைச்சு இறைச்சுத்தானே அது செத்துச்சு. அது உயிரில்லியா? அத்த நீயும் பாத்தே, நானும் பாத்தேன். ரெண்டு பேரும் சும்மாத்தான் இருந்தோம்."

அந்த அம்மாள் நேராகத் திரைக்குப் போனார். அவர் நிழல் திரையில் விழுந்தது. குழாய் இறங்குகிற நேரம் பார்த்துச் சல்லடை மேல் கையை வைத்தார். காட்சி போய்விட்டது. கையை எடுக்காமல் நின்றார், மறுபடி சல்லடை அவர் கைக்கு அடியில் வந்தது.

"இத்தச் சுத்தி ஒரு கூடை வெச்சு, கூடைக்குத் துணி சுத்தினா? குடிக்கிற தண்ணிய வடிகட்றோமே, அந்த மாதிரி."

நான் இன்ஜினியரைப் பார்த்தேன். துணியாவது கூடையாவது என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"நெருக்கமான துணின்னா தண்ணி இழுக்காதும்மா, மோட்டார் திணறும்" என்றார். குரலில் சூடு இல்லை. "கூடை சின்னதா இருந்தாத்தான் அந்தத் தொல்லை. பெரிசா இருந்தா? நல்லாப் பெரிய கூடை, மாட்டுக்கு வைக்கோல் அள்ற கூடை மாதிரி. தண்ணி நாலா பக்கமும் மெதுவா உள்ள வரும். மெதுவா வந்தா குஞ்சைத் துணியோட இழுத்துப் பிடிக்காது..." என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சாக்குக் குறி போடும் கரித்துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்துத் தரையில் கிணறு வரைந்தார், குழாய் வரைந்தார், கூடை வரைந்து, அழித்து, பெரிதாக வரைந்தார். ஜனம் திரையை விட்டுவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டது.

"துணியில பாசி அடைக்குமே?" என்றார் ஒருவர்.

"கயித்துல கட்டி மேல இழுத்துக் கழுவணும்."

"கழுவுறப்போ துணியில ஒட்டினது?"

"கெணத்துத் தண்ணியிலயே அலசி விட்டுடு, திரும்ப உள்ளயே போயிடும்" என்றது ஒரு குரல். அப்பாண்டை குரல். சொன்ன பிறகுதான் தான் சொன்னதை அவரே கவனித்தார் என்று நினைக்கிறேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் தாண்டிப் போனது. இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. லைன் கேட்டு மனுவில் அந்தப் பக்கத்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாண்டை மட்டும் போடவில்லை. "கூடையை என் கெணத்துல எறக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டார். அவர் மனசில் இருந்தது மீனா, அண்ணியின் நிலமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இருந்திருக்கும், மனுஷன் தானே.

பனமலை போகிற வழியெல்லாம் இன்ஜினியர் என்னை வறுத்தெடுத்தார். ஃபிலிமை வெட்டினதற்கு என் சம்பளத்தில் கை வைப்பேன் என்றார், ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். ஏரி தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி முகம் கழுவிவிட்டு வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த வளையத்தைத் தூக்கிப் போட்டுடலையே?"

"இல்லை சார், பத்திரமா இருக்குது."

"இருக்கட்டும். அடுத்த ஊர்லயும் யாராவது கேப்பாங்க."

அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, "எந்த இடத்தை மறுபடி பாக்கணும்?" என்று கேட்போம். ஒவ்வோர் ஊரும் ஒவ்வொன்று கேட்டது. ஓர் ஊரில் சுவிட்சைத் தட்டுகிற கையைக் கேட்டார்கள், ஷாக் அடிக்குமா என்று பயம். இன்னோர் ஊரில் மாட்டையே கேட்டார்கள், மோட்டார் வந்தால் மாட்டை என்ன செய்வார்கள் என்று. தண்ணீர் கொட்டுகிற இடத்தை மறுபடி காட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை. அது எங்களுக்குப் பிடித்த இடம், அவர்களுக்கு இல்லை.

அப்பாண்டை சம்மதித்தார். எப்படிச் சம்மதித்தார், வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. கம்பம் நட ஆள் போனபோது அவர் தன் வரப்பில் நின்று இடம் காட்டினார் என்று மட்டும் கேள்விப்பட்டோம். பத்மாவதி அம்மாள் மோட்டார் வைத்த அன்று எங்கள் வண்டி செஞ்சியில் இருந்தது. சொல்லி அனுப்பியிருந்தார், போனோம்.

கிணற்றைச் சுற்றி நல்ல கூட்டம். இன்ஜினியர் இணைப்பையெல்லாம் தானே சரிபார்த்தார். அப்பாண்டை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கி, துணி சுற்றிய பெரிய கூடையை நேராக நிறுத்திவிட்டு மேலே வந்தார். சுவிட்சைத் தட்டினார்கள். மோட்டார் உறுமியது. குழாய் இருமி, காற்றைத் துப்பி, பிறகு தண்ணீரைக் கொட்டியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு தண்ணீரில் விழுந்தன, காசிம் பாய் விசில் அடித்தார், இன்ஜினியர் சின்னப் பையனைப் போலச் சிரித்தார். எல்லாரும் குழாய் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்மாவதி அம்மாளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் கிணற்று விளிம்பில் முழங்கால் போட்டு, கீழே கூடை இறங்கியிருந்த இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தண்ணி இங்க கொட்டுது, வந்து பாருங்க" என்று கத்தினேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை.

"அது வரும்னு நீதான் படத்துலயே காட்டிட்டியே தம்பி. நீ காட்டாதத நான் பாக்கறேன், இரு."

நானும் பக்கத்தில் போய் முழங்கால் போட்டுக் கீழே பார்த்தேன்.